போர்டு பேசியது எத்தனை மணிக்கு?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்தபோது, "இப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருக்கிறது?" என்று ஓர் அன்பர் என்னைக் கேட்டார். "சீரியல்தான். இரவு பகலாக ஒன்று விடாமல் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்" என்றேன். பக்கத்தில் நின்ற அவருடைய துணைவியார், "ஆண்களும் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்களா! எந்த சேனல்?" என்று ஆவலோடு கேட்டுவிட்டார்.

நான் சொன்ன சீரியல் தொலைக்காட்சித் தொடர் அல்ல. வாஷிங் மெஷின் முதல் லிஃப்ட் வரை, ரயில்வே சிக்னல் முதல் மருத்துவமனை மானிட்டர் வரை, எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் போர்டு இருக்கிறது. அது தனக்குள் நடப்பதை ஒரு கம்பி வழியாக எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பிக்குப் பெயர்தான் சீரியல் கன்சோல். அது சொல்வதைக் கேட்டு, ஒவ்வொரு வரியும் வந்த நேரத்தோடு எழுதி வைப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் சங்கக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. இறுதியாண்டு புராஜெக்டில் போர்டை வைத்துக்கொண்டு விடிய விடியக் கண் விழிக்கும் பிள்ளைக்கு இது உதவும். பெற்றோர்களுக்கும், பிள்ளை எதோடு மல்லுக்கு நிற்கிறான் என்று ஓரளவு விளங்கும்.

நாசிக்கில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், திராட்சை அறுவடைக் காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புணேவுக்கு வேலைக்கு வந்து, போசரியில் ஒரு அறையில் நால்வரோடு தங்கியிருந்த ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். நாசிக் அருகே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவியை அவருடைய நிறுவனம் பொருத்தியிருந்தது. உள்ளே ஒரு சிறிய லினக்ஸ் போர்டு. அதன் புரோகிராம் இந்தத் தம்பி எழுதியது.

கருவி இரவில் தானாக நின்று மறுபடி கிளம்புகிறது. கிடங்குக்காரர் பணத்தை நிறுத்திவிட்டார். உள்ளே இருப்பது ஊரார் விளைவித்த திராட்சை; குளிர் தவறினால் நஷ்டம் அவர்கள் தலையில். நிறுவனத்திலோ, "உன் சாஃப்ட்வேர்தான் காரணம்" என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

"பதிவு எடுத்தாயா?" என்றேன்.

"எடுத்தேன் சார். மூன்று நாள் லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்" என்று ஃபைலைக் காட்டினார்.

பதிவு இருந்தது. 7 முறை போர்டு புதிதாகக் கிளம்பியிருக்கிறது என்பதும் தெரிந்தது. ஆனால் எந்த வரிக்கும் நேரம் இல்லை. 7 முறையும் ஒரே இரவிலா, மூன்று இரவிலா? பகலிலா, நள்ளிரவிலா? இடையில் 5 நிமிடமா, 5 மணி நேரமா? ஒன்றும் சொல்ல வழியில்லை. சாட்சி வந்து நிற்கிறார், நடந்ததெல்லாம் சொல்கிறார், எப்போது நடந்தது என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மறுக்கிறார். அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வழக்கை ஜெயிப்பது?

கம்பியில் ஓடுவது என்ன?

சீரியல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக என்று பொருள். ஓர் எழுத்தை 8 பிட்டுகளாக உடைத்து, முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட் சேர்த்து, ஆக 10 பிட்டுகளை வரிசையாக ஒரே கம்பியில் அனுப்புகிறார்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ் போர்டுகளில் வேகம் நொடிக்கு 1,15,200 பிட். பத்தால் வகுத்தால் நொடிக்கு 11,520 எழுத்து. 80 எழுத்துள்ள ஒரு வரி வந்து சேர ஏறத்தாழ 7 மில்லி செகண்ட். பழைய கருவிகளின் 9,600 வேகத்தில் அதே வரிக்கு 83 மில்லி செகண்ட் ஆகும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் வைக்காவிட்டால் திரையில் புரியாத கிறுக்கல்தான் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

ஆர்எஸ்-232 என்ற தரமாக 1960ல் வெளிவந்த இந்த முறை இன்னும் மறையாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நெட்வொர்க் வேலை செய்ய வேண்டுமானால் போர்டு முழுதாக எழுந்து உட்கார வேண்டும். திரைக்கும் அப்படியே. சீரியல் கம்பியோ போர்டுக்கு உயிர் வந்த சில கணங்களிலேயே பேசத் தொடங்கிவிடும். அது மயங்கி விழும்போது சொல்லும் கடைசி வார்த்தையும் இந்தக் கம்பியில்தான் வரும்.

கம்பி சேர்க்கும் முறை

இன்றைய லேப்டாப்களில் பழைய 9 ஊசி சீரியல் போர்ட் இல்லை. யுஎஸ்பியில் செருகும் சிறிய மாற்றி ஒன்று வேண்டும். எஃப்டிடிஐ, சிபி2102, சிஎச்340 என்ற சிப்புகள் உள்ள மாற்றிகள் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. போர்டின் ஊசிகளில் இருப்பது பெரும்பாலும் 3.3 வோல்ட். பழைய ஆர்எஸ்-232 கம்பியில் வருவது கூட்டலும் கழித்தலுமாக 15 வோல்ட் வரை போகக்கூடியது. அதை நேரே போர்டில் கொடுத்தால் போர்டு போய்விடும். மாற்றியில் 3.3, 5 என்று தேர்வு இருந்தால் 3.3ல் வைக்கவும்.

பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தும் ராஸ்பெர்ரி பை 4 போர்டை எடுத்துக்கொள்வோம். 40 ஊசி வரிசையில் 6ஆம் ஊசி கிரவுண்ட், 8ஆம் ஊசி போர்டு பேசுவது, 10ஆம் ஊசி போர்டு கேட்பது. ஒருவர் வாய்க்கு எதிரே மற்றவர் காது இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல மாற்றியின் கேட்கும் முனை 8ஆம் ஊசிக்கும், பேசும் முனை 10ஆம் ஊசிக்கும் வர வேண்டும். கிரவுண்ட் கிரவுண்டோடு. போர்டுக்குத் தனி மின்சாரம் இருக்கும்போது மாற்றியின் மின்சாரக் கம்பியைச் சேர்க்க வேண்டாம். போர்டின் செட்டிங்கில் சீரியல் கன்சோலை இயக்கி வைக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பதிவு மட்டும் எடுப்பதானால் கிரவுண்டும் 8ஆம் ஊசியும் ஆக இரண்டு கம்பியே போதும். அது நல்லதும்கூட. யூபூட் என்ற தொடக்க புரோகிராம் உள்ள போர்டுகள் கிளம்பும்போது, ஏதாவது ஒரு விசை தட்டப்படுகிறதா என்று சில நொடி காத்திருக்கும். மோட்டார்கள் ஓடும் இடத்தில் கேட்கும் கம்பியில் மின் இரைச்சல் புகுந்தால், யாரோ விசையைத் தட்டிவிட்டார்கள் என்று எண்ணி போர்டு அப்படியே நின்றுவிடும். நோயைப் பார்க்கப் போன இடத்தில் நாமே நோயாகிவிடக் கூடாது.

பிறந்த நேரத்தைக் குறிப்பது யார்?

குழந்தை பிறந்தவுடன் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, நேரம் குறித்தீர்களா என்பது. குழந்தை தன் பிறந்த நேரத்தைத் தானே சொல்லாது. அறையில் இருக்கும் யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

போர்டும் அப்படித்தான். பல சிறிய போர்டுகளில் பாட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் அதற்கு இன்றைய தேதியே தெரியாது. லினக்ஸ் காலத்தை 1970 ஜனவரி 1ஆம் தேதி, கிரீன்விச் நேரம் நள்ளிரவிலிருந்து எண்ணுகிறது. அதனால் தேதி தெரியாத போர்டு நம் நாட்டுக் கணக்கில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று சாதித்துக்கொண்டு எழும். நெட்வொர்க் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும்.

லினக்ஸ் கர்னல் தன் வரிகளின் முன்னால் ஓர் எண் போடுகிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். அது கர்னல் விழித்ததிலிருந்து கடந்த நொடிகள். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதற்கு முன் யூபூட் பேசிய வரிகளுக்கு அந்த எண்ணும் இல்லை. ஒரு பிறவிக்குள் நடந்ததை அளக்க அது உதவும். எந்த இரவு, எத்தனை மணி என்பதற்கு உதவாது. ஆகவே நேரத்தைக் குறிக்க வேண்டியது கேட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்தான்.

அதற்கான புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸில் டெரா டெர்ம் என்ற புரோகிராமில் பதிவைத் தொடங்கும்போதே நேர முத்திரை வேண்டும் என்று குறிக்கலாம். லினக்ஸில் மினிகாம் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோலையும் ஏ எழுத்தையும் சேர்த்து அழுத்திவிட்டு என் எழுத்தைத் தட்டினால் வரிக்கு முன் நேரம் வரும். எல் எழுத்தைத் தட்டினால் ஃபைலில் பதிவு தொடங்கும். டியோ என்ற புரோகிராம் இரண்டையும் சேர்த்தே செய்யும். டிம் பேர்ட் என்பவர் பைத்தானில் எழுதிய கிராப்சீரியல் இந்த ஒரு வேலைக்காகவே உள்ளது. ஒவ்வொரு வரிக்கும் தொடக்கத்திலிருந்து எத்தனை நொடி, முந்தைய வரியிலிருந்து எத்தனை நொடி என்று இரண்டையும் காட்டும். போர்டு கிளம்ப ஏன் இத்தனை நேரம் ஆகிறது என்று தேடுபவர்களுக்கு இரண்டாவது எண் ஒரு வரப்பிரசாதம். எதைப் பயன்படுத்தினாலும், திரையில் தெரியும் நேரம் ஃபைலிலும் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

முத்திரை எவ்வளவு நம்பகமானது?

பிறந்த நேரத்தில்கூட ஒரு சர்ச்சை உண்டு. தலை தெரிந்த நேரமா, குழந்தை அழுத நேரமா என்று பாட்டிமார்கள் வாதாடுவார்கள். இங்கும் அதே கேள்வி: வரியின் முதல் எழுத்து வந்த நேரமா, வரி முடிந்த நேரமா?

சாதாரண நாட்களில் இதனால் வரும் வித்தியாசம் 7 மில்லி செகண்ட்தான். ஆனால் போர்டு வரியின் நடுவில் செத்து விழுந்தால் கதை வேறு. வரி முடிந்த பிறகே முத்திரை குத்தும் முறையில், அந்தப் பாதி வரி காத்துக்கொண்டே இருக்கும். போர்டு மறுபடி எழுந்து முதல் வரியை முடிக்கும்போது, பழைய பாதியும் புதிய வரியும் ஒட்டிக்கொண்டு, புதிய நேரத்தோடு வரும். இறந்த நேரம் போய், மறுபிறவியின் நேரம் மட்டும் மிஞ்சும். டிஎஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளை மிக வசதியானது என்றாலும் வரி முடிந்த பிறகே முத்திரை போடும் வகையைச் சேர்ந்தது. திடீரென நின்று போகும் போர்டுக்கு, முதல் எழுத்திலேயே நேரம் குறிக்கும் முறையே ஏற்றது.

வேறு சில தாமதங்களும் உண்டு. யுஎஸ்பி மாற்றி எழுத்துகளைச் சிறிது சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுக்கும். எஃப்டிடிஐ சிப்பில் இந்தக் காத்திருப்பு வழக்கமாக 16 மில்லி செகண்ட், வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு புரோகிராம்களைக் கோத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றுக்குக் கொடுத்தால், முதல் புரோகிராம் சில ஆயிரம் எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு கொட்டுவதுண்டு. 40 வரிக்கு ஒரே நேரம், பிறகு நீண்ட மௌனம், மறுபடி 40 வரிக்கு ஒரே நேரம் என்று பதிவில் தெரிந்தால், குற்றம் போர்டுடையது அல்ல. நடுவில் யாரோ தேக்கி வைக்கிறார்கள்.

பேசுவதற்கும் நேரம் செலவாகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கிளம்பும்போது 80 எழுத்தில் 500 வரி பேசினால் 40,000 எழுத்து. 1,15,200 வேகத்தில் அதற்கே சுமார் மூன்றரை நொடி. போர்டு மெதுவாகக் கிளம்புகிறது என்று அளந்தவர்கள், பேச்சைக் குறைத்தவுடன் அது வேகமாகிவிட்டதைக் கண்டு வியப்பதுண்டு.

கேட்கும் கம்ப்யூட்டரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். இந்திய நேரத்தைக் காப்பது புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அதன் சர்வரோடு இன்டர்நெட் வழியாகக் கடிகாரத்தைப் பொருத்திக்கொள்ளலாம். லேப்டாப்பை மூடினால் அது தூங்கிவிடும். தூங்காமல் இருக்கும்படி அமைக்க வேண்டும். இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். நொடிக்கு ஒரு வரி, முத்திரையோடு 80 எழுத்து என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 86,400 வரி, ஏறத்தாழ 7 மெகாபைட். ஒரு பாட்டு அடங்கும் இடம்தான்.

மீண்டும் நாசிக்

தம்பியும் நானும் ஒரு சனிக்கிழமை புறப்பட்டுப் போனோம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை யுபிஎஸ்ஸோடு வைத்து, இரண்டு கம்பி மட்டும் சேர்த்து, முதல் எழுத்தில் நேரம் குறிக்கும்படி பதிவைத் தொடங்கிவிட்டு வந்தோம். ஆறு இரவுகள் கழித்துப் பார்த்தால் 14 முறை போர்டு மறுபடி கிளம்பியிருந்தது.

ஒவ்வொரு முறையும் கடைசி வரி பாதியில் அறுந்திருந்தது. சில வார்த்தையின் நடுவிலேயே. சாஃப்ட்வேர் தடுமாறி விழுந்தால் கர்னல் பெரும்பாலும் புலம்பிவிட்டுத்தான் சாகும். இங்கே புலம்பல் இல்லை. ஆனால் வாட்ச்டாக் என்ற காவல் சுற்று போர்டை உதைத்து எழுப்பினாலும் புலம்பல் இல்லாமல்தான் நிற்கும். அதனால் அறுந்த வரியை மட்டும் வைத்துத் தம்பியை விடுவிக்க முடியாது.

கிடங்கின் ஆபரேட்டர் ஒரு நோட்டில் கம்ப்ரசர் ஓடிய நேரங்களைக் கையால் எழுதி வைத்திருந்தார். மராத்தியில், அழகான கையெழுத்து. இரண்டையும் ஒப்பிட்டோம். எதுவும் பொருந்தவில்லை. தம்பியின் முகம் வாடிவிட்டது. பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டரைவிட அது 4 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டிலிருந்து 4 நிமிடம் கழித்துப் பார்த்தோம். போர்டு நின்றது இரவு 1.37, நோட்டில் இரண்டாவது கம்ப்ரசர் கிளம்பியது 1.41. போர்டு நின்றது 3.12, நோட்டில் 3.16. இப்படி 14ம் பொருந்தின.

கிடங்குக்காரர் லேசில் விடவில்லை. "கம்ப்ரசர் 38 தடவை கிளம்பியிருக்கிறதே, மற்ற 24 தடவை ஏன் நிற்கவில்லை?" என்றார். நியாயமான கேள்விதான். போர்டுக்குப் போகும் 5 வோல்ட்டில் ஸ்கோப்பை மாட்டி, கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்திக் கிளப்பச் சொன்னோம். கிளம்பும் கணத்தில் வோல்டேஜ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருந்தால் பள்ளம் ஆழமானது. அப்போது போர்டு நின்றது. பேனலில் செலவைச் சுருக்கிச் சிறிய பவர் சப்ளை வைத்ததன் பலன். சப்ளையை மாற்றி, வேறு லைனிலிருந்து மின்சாரம் கொடுத்தபின் 10 நாள் பதிவைத் தொடர்ந்தோம். கம்ப்ரசர் எத்தனை முறை கிளம்பினாலும் போர்டு அசையவில்லை. பணம் வந்தது. தம்பியின் வேலையும் நிலைத்தது.

கதை இத்தோடு முடியவில்லை. அதே பதிவு இன்னொன்றையும் காட்டியது. ஒவ்வொரு முறை போர்டு எழுந்தபின்பும், முதல் வெப்பநிலை வரி வர 41 நொடி ஆகியிருந்தது. நெட்வொர்க் கிடைக்கும்வரை தம்பியின் புரோகிராம் காத்திருந்ததுதான் காரணம். அந்த 41 நொடியும் கிடங்குக்குக் காவல் இல்லை. நெட்வொர்க் கிடைக்காத இரவாக இருந்தால் காவலே இருந்திராது. இதைத் தம்பியே கண்டுபிடித்து, மேலதிகாரியிடம் தானே சொல்லி, திருத்தியும் கொடுத்தார். நல்ல சாட்சி நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லாது. அதை ஒப்புக்கொள்ளும் மனம் இருந்தால்தான் பதிவு எடுப்பதில் பொருள் இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்

கோளாறு வந்த பிறகு பதிவைத் தொடங்கலாம் என்று இருக்காதீர்கள். போர்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுக்கும் முன்பே பதிவு ஓடட்டும். ஃபைலின் பெயரில் தேதியை வையுங்கள். வேறு யாருடைய நோட்டோடும் ஒப்பிடும் முன் இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் அறுந்த வரியைக் குப்பை என்று நீக்கிவிடாதீர்கள். பல சமயம் அதுதான் மரண வாக்குமூலம். பதிவை வெளியாருக்குக் கொடுக்கும் முன் பாஸ்வேர்டு ஏதும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரை விட்டு வந்து, யாரும் தெரியாத இடத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மீது பழி விழும்போது, பரிந்து பேச அங்கே மாமனோ சித்தப்பாவோ இருக்கமாட்டார்கள். நேரத்தோடு எழுதி வைத்த பதிவு இருந்தால் அது பேசும். இரண்டு கம்பியும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதற்குப் போதும்.

மாற்றி ஒன்றும் சில கம்பிகளும் என் பையில் எப்போதும் இருக்கும். ஞாயிறு காலை சங்க நூலகத்துக்குப் போர்டோடு வரும் பிள்ளைகளுக்குச் சேர்த்துக் காட்டுகிறேன். தொலைக்காட்சித் தொடரைப் பதிவு செய்யத் தெரியுமா என்று மட்டும் கேட்க வேண்டாம்.